ஊதாச் சாயமும் ஒரு பட்டமும்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘தாலாட்டு’. நோயாளிக்குச் செருகும் குழாயில் கிருமிகள் கூடி வழவழவென்று ஒரு படலம் கட்டும். குளியலறைச் சாக்கடையில் விரலை விட்டால் தட்டுப்படுமே, அதேதான். அதற்கு ஊதாச் சாயம் ஏற்றி, அலசி, மிச்சம் நிற்கும் நிறத்தை அளப்பது ஆய்வு மாணவியான அவள் வேலை. நிறம் எவ்வளவோ அவ்வளவு படலம். முரட்டுத்தனமாக அலசினால் படலமே பிய்ந்து போய்விடும். அவளோ கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி அலசுவாள்.

அந்தப் பொறுமையே வினையாயிற்று. குழாயில் படலம் பிடிக்காமல் தடுக்கும் பூச்சைக் கண்டுபிடித்துவிட்டதாகப் பேராசிரியர் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்திருந்தார். இவள் அலசினால் பூச்சுப் போட்ட குழாய்த் துண்டும் போடாத துண்டும் ஒரே ஊதாவாக நின்றன.

“சார், பூச்சு வேலை செய்யல.”

“பூச்சு போட்டதை மட்டும் நல்லா அடிச்சுக் கழுவும்மா. உனக்குப் பட்டம் வேணுமா, வேணாமா?”

வேணும். “இந்த வருஷமாவது முடிச்சிடுவியாடி?” என்று அம்மா கேட்காத நாளில்லை. அப்பா பேசுவதையே விட்டுவிட்டார். தண்ணீரை வேகமாகத் திறந்துவிட்டாள். துண்டு பளிச்சென்று வெளுத்தது. கட்டுரை வந்தது, கைதட்டல் வந்தது. பட்டம் வருவதற்குள் வேறொரு ஆய்வுக்கூடத்தார், “நாங்க செஞ்சா அந்த முடிவு வரலையே” என்று எழுதிவிட்டார்கள்.

விசாரணைக் குழு கூடியது. பேராசிரியர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, “நான் ஒரு துண்டைக்கூடத் தொட்டதில்லைங்க. எல்லாம் இந்தப் பொண்ணு செஞ்சது,” என்றார். அடப் பாவி மனுஷா!

“சார் சொன்னதாலதாங்க அப்படிக் கழுவினேன். பூச்சே பொய். இப்பவே செஞ்சு காட்டுறேன்,” என்று எழுந்தாள். உண்மையைக் காட்டினால் தப்பித்துவிடலாம் என்று நம்பினாளே, அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. எல்லோர் கண்முன்னும் எப்போதும்போல மெதுவாக அலசினாள். இரண்டு துண்டும் ஒரே ஊதா.

குழுத் தலைவியம்மாள் குனிந்து பார்த்தார்.

“பிரமாதமா அலசுறியேம்மா. இவ்வளவு பழகின கை அன்னைக்குத் தெரியாம தப்புப் பண்ணிச்சுன்னு சொல்ல முடியாதே. வேணும்னேதான் பண்ணியிருக்க.”

“சார்தான்...”

“அவர் சொன்னதை வேற யாராவது கேட்டாங்களா?”

யாரும் கேட்கவில்லை. கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். பேராசிரியருக்கு, ‘இனிமேல் கவனமாக இருங்கள்’ என்று ஒரு வரி. அவளுக்குப் பட்டம் கிடையாது. இனி எந்த ஆய்வுக்கூடமும் அவளைச் சேர்த்துக்கொள்ளாது.

பையை எடுக்கப் போனவளைப் பேராசிரியர் வாசலில் நிறுத்தினார். குரலில் கோபமே இல்லை.

“போறதுக்கு முன்னாடி அந்தத் துண்டுகளைச் சுத்தம் பண்ணி வச்சிட்டுப் போம்மா. நாளைக்குப் புதுப் பொண்ணு வர்றா.”

பையைக் கீழே வைத்துவிட்டு, அவள் கையுறையை மாட்டிக்கொண்டாள்.