முக்கோணத் தையல்

அந்த வீட்டு வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. உள்ளே நுழைந்ததும் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கும். வருகிறவர்கள் செல்போனை அதில் போட்டுவிட்டுத்தான் மேலே போக வேண்டும். அடி உதை தாங்காமல் வீட்டை விட்டு வந்த பெண்கள் ஒளிந்து வாழும் இடம் அது. சமூக சேவைக்கு மதிப்பெண் உண்டு என்று பல்கலைக்கழகத்திலிருந்து அங்கே வரத் தொடங்கிய மாணவியிடம், பொறுப்பாளர் மேடம் முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார். "இங்க யார் இருக்காங்கன்னு உங்க அம்மாகிட்டகூட மூச்சு விடக் கூடாது."

அவளும் விடவில்லை. அவளைப் பொறுத்தவரை அது பெரிய சாதனைதான். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் இறங்குவதற்குள் அவர் வீட்டு மருமகள் சண்டை வரைக்கும் கேட்டுத் தெரிந்துகொண்டு, பதிலுக்குத் தன் கதையில் பாதியைக் கொட்டிவிடுகிற பெண் அவள். அந்த வீட்டுப் பெண்கள் ஒரே வாரத்தில் அவளுக்கு வாயாடி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவள் வந்தால்தான் அங்கே சிரிப்புச் சத்தம் கேட்கும். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அங்கே தையல் அக்கா என்று ஒருத்தி, சின்ன மகளோடு வந்து தங்கியிருந்தாள். இடது கைக்காரி. மற்றவர்கள் துணிப்பைக்குக் கைப்பிடியை நேராக அடித்து விட்டுவிடுவார்கள். அக்கா மட்டும் கைப்பிடி சேருமிடத்தில் சின்னதாக ஒரு முக்கோணம் போட்டு, அதன் நடுவே வேறு நிற நூலில் ஒரு கோடு இழுப்பாள். செங்கல்லைப் போட்டுத் தூக்கினாலும் பிய்யாது.

"என் வீட்டுக்காரரும் தையல்காரர்தான். ஆனா இது அவர்கிட்ட கத்துக்கிட்டது இல்ல, நானே கண்டுபிடிச்சது," என்றாள் ஒருநாள். "எனக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதான்."

வாயாடியும் அவள் வகுப்புத் தோழன் தாடியும் சேர்ந்து அந்தப் பைகளை இணையத்தில் விற்க ஒரு பக்கம் தொடங்கினார்கள். முகம் கிடையாது, முகவரி கிடையாது, வீட்டுச் சுவர்கூடப் படத்தில் வராது. பை வேண்டுமென்றால் பல்கலைக்கழக வாசலுக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம். மேடம் ஒவ்வொரு படத்தையும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்த பிறகுதான் சம்மதித்தார். பைகள் மளமளவென்று விற்றன. அக்காவுக்கு முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அடுத்த மாதம் தனியாக ஒரு அறை பார்த்துப் போய்விடலாம் என்று பேச்சு. மகளுக்கும் பள்ளியில் ஒரு தோழி கிடைத்திருந்தாள்.

முகம் தெரிகிறதா என்றுதான் எல்லாரும் மாய்ந்து மாய்ந்து பார்த்தார்கள். தையல் தெரிகிறதே என்று அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம், வாயாடி கேன்டீனில் இருந்தபோது, பை ஆர்டருக்கென்று வைத்திருந்த போன் அடித்தது. பேசியவரின் குரல் அவ்வளவு தன்மையாக இருந்தது.

"ரொம்ப நேர்த்தியான வேலைம்மா. கடைக்கு மொத்தமா வேணும். எல்லாம் ஒரே ஆள் தைச்சதா?"

"முக்கோணம் போட்டதெல்லாம் ஒரே ஆள்தான் சார். எங்க அக்கா ஒருத்தங்களோட ஸ்பெஷல் அது. வேற யாருக்கும் வராது."

"இடது கைப் பழக்கமோ? நூல் சாயறதைப் பார்த்தா அப்படித்தான் தெரியுது."

"அட, எப்படி சார் கண்டுபிடிச்சீங்க!"

"தொழில்மா," என்று சிரித்தார். அதே குரலில், அதே நிதானத்தில் கேட்டார். "பொண்ணு நல்லா இருக்காளா? பல்லு விழுந்திருச்சா?"

"விழுந்திருச்சு சார், முன்பல்லு ரெண்டும்..."

அக்காவுக்கு ஒரு மகள் இருப்பதாக அவள் சொல்லவே இல்லையே.

"சனிக்கிழமை உங்க கேட்டுக்கு வர்றேன்மா. நீங்கதானே பை கொண்டு வருவீங்க?" என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார்.

தாடி விஷயத்தைக் கேட்டு வெலவெலத்துப் போனான். ஆனாலும் அவன் ஒரு வழி சொன்னான். "நம்பரை பிளாக் பண்ணு. பக்கத்தை மூடிடலாம். நீ கொஞ்ச நாள் அந்தப் பக்கமே போகாத. உன் பின்னால வந்தாத்தானே அவனுக்கு வீடு தெரியும்? மேடம்கிட்ட சொன்னா அக்காவை இன்னைக்கே வேற ஊருக்கு மாத்திடுவாங்க. ரூம், ஸ்கூல் எல்லாம் போச்சு. யோசிச்சுப் பாரு."

அவள் யோசித்தாள். சொல்லாமல் இருந்துவிடலாம் என்று மனசு எவ்வளவு கெஞ்சியது என்பது அவளுக்குத்தான் தெரியும். வாழ்க்கையில் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டிருக்க ஆசைப்பட்டாள். ஆனால் "பல்லு விழுந்திருச்சா" என்ற அந்தக் குரல் காதை விட்டுப் போகவில்லை. பஸ்ஸில் யாரிடமும் பேசாமல், ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே அந்த வீட்டுக்குப் போனாள்.

மேடம் அக்காவையும் அறைக்குக் கூப்பிட்டார். அக்கா கத்தவில்லை. "அவர் பேசினதை ஒரு வார்த்தை விடாம சொல்லு," என்றாள். வாயாடி சொல்லிக்கொண்டே வந்தாள். பல்லு என்று வந்ததும் அக்கா குறுக்கிட்டாள்.

"நீ என்ன சொன்னே?"

வாயாடி தலையைக் குனிந்துகொண்டாள்.

"விழுந்திருச்சுன்னு சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேங்க்கா."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தப் படத்தையெல்லாம் நானும்தானே பார்த்தேன்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வண்டிக்குப் போன் செய்தார்.

மூட்டை கட்ட அதிக நேரம் ஆகவில்லை; அவர்களிடம் இருந்ததே அவ்வளவுதான். கிளம்புவதற்கு முன் அக்கா மெஷின் பக்கத்தில் இருந்த பைகளை மடியில் போட்டுக்கொண்டு, இடது கையில் கத்தரியை எடுத்து, முக்கோணங்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தாள்.

"ஐயோ, விட்டுருங்கக்கா," என்று வாயாடி அழுதாள்.

"இனிமே எங்க போனாலும் இதைப் போட முடியாதும்மா. கையைப் பழக்கணும்ல," என்றாள் அக்கா. அவள் குரலில் கோபம் இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட வாயாடிக்கு மனசு ஆறியிருக்கும்.

வண்டி பின்கட்டு வழியாக வந்து நின்றது. அக்காவும் மகளும் ஏறி உட்கார்ந்த பிறகு, வாயாடி கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டி ஜன்னலருகே போனாள். மகளுக்கு என்ன நடக்கிறது என்று பாதிதான் புரிந்திருந்தது. ஊருக்குப் போகிறோம் என்ற சந்தோஷம் வேறு. பள்ளிக்கூட ரகசியங்களை எல்லாம் அவள் வாயாடியிடம்தான் முதலில் சொல்வாள். இப்போதும் ஜன்னலில் முகத்தை வைத்து, ஓட்டைப் பல் தெரியச் சிரித்தாள்.

"அக்கா, நாங்க எந்த ஊருக்குப் போறோம் தெரியுமா?"

தாயின் இடது கை நீண்டு வந்து அவள் வாயைப் பொத்தியது. அழுத்திப் பொத்தவில்லை, மெதுவாகத்தான். அக்கா வாயாடியைப் பார்த்தாள்.

வண்டி தெருமுனை திரும்பும்வரை அந்தக் கையை அவள் எடுக்கவே இல்லை.