ஒன்றரை மணி நேரம்

பின்கட்டுக் குளியலறைக் குழாயைத் திறந்து வாளியை வைத்தான் அன்வர் பாட்சா. பாதி வாளி நிறைந்தும் பச்சைத் தண்ணீர்தான் வந்தது. வெளியே தார்ப்பாய் மறைப்புக்குள் அத்தாவின் மய்யித்தைக் குளிப்பாட்டப் பலகையில் கிடத்தியாகிவிட்டது. நேற்று மாலை போன உயிர். இவன் விமானம் இறங்கி மீமிசல் வந்து சேர இந்தக் காலையாகிவிட்டது.

"வெந்நி வரலையா தம்பி?" என்றார் பள்ளிவாசல் மோதினார்.

"மோட்டாரப் போட்டுட்டு வாரேன்."

அந்த மோட்டாரைப் போன விடுமுறையில் அவனே ஷார்ஜாவிலிருந்து சுமந்து வந்து மாட்டியிருந்தான். ஹீட்டர் முன்கட்டில். வெந்நீர் பின்கட்டுக்கு வருவதற்குள் இரண்டு வாளி தண்ணீர் வீணாகும். மோட்டார், குழாயில் ஆறிக் கிடப்பதை ஹீட்டருக்கே திருப்பிச் சுற்றவிடும், திறந்ததும் சூடு. காலில் பச்சைத் தண்ணீர் பட்டால் அத்தாவுக்கு முட்டி பிடித்துக்கொள்ளும். சுபுஹு தொழுகைக்கு அவர் கை, முகம், கால் கழுவி ஒளு செய்யும் நாலரைக்கு ஓடும்படி டைமர் வைத்துவிட்டு மறுநாளே விமானம் ஏறினான். போனில் கேட்கும்போதெல்லாம் அத்தாவிடம் ஒரே பதில்தான்: "சுடச்சுட வருதுப்பா."

சுவிட்சுக்குப் போன கை நின்றது. டைமரில் மணி எட்டரை. கைபேசியில் பத்து.

ஷார்ஜா அறையில் ஓட்டிப் பார்த்தபோது வைத்த அந்த ஊர் மணி; நம்மூருக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். ஊரான் வில்லாக்களுக்கெல்லாம் குழாய் போட்ட கெட்டிக்காரன், சொந்த வீட்டில் கடிகாரத்தைத் திருப்ப மறந்திருந்தான். எட்டு மாதமாக மோட்டார் ஆறு மணிக்குத்தான் ஓடியிருக்கிறது.

அம்மா சாரா உம்மாள் உள்ளறையில் வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, அத்தா ஒளு எடுக்கையில வெந்நி வந்துச்சா?"

அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "ஆறு மணிக்கு மேல வரும்."

"சுடச்சுட வருதுன்னாகளே?"

"புள்ள அம்புட்டுத் தூரம் தூக்கியாந்து மாட்டுனது, கொற சொல்லக் கூடாதுன்னாக. என்னையும் வாயத் தொறக்க விடல."

ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா அத்தா? போனிலேயே சரிசெய்ய வைத்திருப்பான். மோட்டாரைப் போட்டுவிட்டு, அது சுற்றும் சத்தத்தைக் கேட்டபடி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான்.

பின்கட்டுக் குழாயை மறுபடி திறந்தான். ஆவி பறந்தது.

மோதினார் இலந்தை இலைத் தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருந்தார். "மொதல்ல மய்யித்துக்கு ஒளு. வெந்நி வருதா தம்பி?"

"சுடச்சுட வருதுங்க."

பாதி வாளிப் பச்சைத் தண்ணீரில் அதை விளாவி, மணிக்கட்டில் ஊற்றிப் பதம் பார்த்தான். கை, முகம் முடிந்து கால்களுக்கு வந்தபோது மோதினாரிடமிருந்து குவளையை வாங்கிக்கொண்டான். அத்தாவின் முட்டியிலிருந்து கீழே மெதுவாக ஊற்றினான்.