மேலே ஏறுவது முதலாளி மட்டும்

கூரை வேலைக்கு இன்சூரன்ஸ் எடுப்பது என்றால் சும்மாவா? மேலே ஏறுகிற ஒவ்வொரு தலைக்கும் தனித்தனியாகப் பிரீமியம் தீட்டிவிடுவார்கள். கீழே நிற்கிறவனுக்கு அவ்வளவு இல்லை. இது காதில் விழுந்ததோ இல்லையோ, நம் கான்ட்ராக்டருக்கு மூளை பரபரவென்று வேலை செய்தது. "மேல ஏறுறது நான் ஒருத்தன்தான் சார். மத்தவங்கெல்லாம் கீழ நின்னு எடுத்துக் குடுக்கிற ஆளுங்க" என்று போனிலேயே கூசாமல் அளந்துவிட்டார். கட்டவேண்டிய பணம் பாதிக்கும் கீழே இறங்கியது. அன்றிலிருந்து வருஷா வருஷம் அதே பொய், அதே மிச்சம்.

உண்மை என்னவென்றால், மனுஷன் கூரையில் கால் வைத்து எத்தனையோ காலமாகிவிட்டது. தொப்பை விழுந்துவிட்டது. முழங்கால் மடங்குவேனா என்கிறது. மாடிப்படியில் நின்று எட்டிப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. தகரம் பரப்பி, திருகாணி முடுக்கி, முகட்டை மூடுகிற வேலையெல்லாம் அவர் மனைவியின் தம்பி தலையில். அவன் கூட்டாளிகளோடு மேலே ஏறினால் சாயங்காலம் வரை இறங்கமாட்டான். "என் மச்சினன் இருக்கிறவரை எனக்கென்ன கவலை" என்று கான்ட்ராக்டர் ஊரெல்லாம் பெருமையடித்துக்கொள்வார்.

இந்த முறை கிடைத்தது பெரிய கிடங்கு வேலை. இன்சூரன்ஸ் இல்லாதவனுக்கு வாசல் கதவையே திறக்கமாட்டோம் என்று கிடங்குக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். கான்ட்ராக்டர் பாலிசியை நீட்டி வேலையை வாங்கினார். வாங்கிய மறுநாளே இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து போன். "ஒத்தை ஆளா இவ்வளவு பெரிய கூரை போடுறீங்களாமே. ஒரு தடவை நேர்ல பாத்துட்டு வான்னு ஆபீஸ்ல சொல்றாங்க."

கம்பெனி ஆள் வருகிற அன்று காலை கான்ட்ராக்டர் எல்லோரையும் நிற்கவைத்து, "ஒரு ஆபீசர் வர்றாரு. அவர் போறவரைக்கும் ஒருத்தனும் ஏணியில காலை வைக்கக் கூடாது. ஏன், எதுக்குன்னு என்னைக் கேக்காதீங்க" என்றார்.

"அப்ப மேல யாரு மாமா?" என்றான் மச்சினன்.

"நான்தான்."

அவன் குபீரென்று சிரித்தான். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டான்.

வந்தவர் சாதுவான மனுஷர். ஃபைலையும் ஒரு தண்ணீர் பாட்டிலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க சார். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றார். அவசரமில்லையாம்! கான்ட்ராக்டர் மனதுக்குள் அவர் வம்சத்தையே திட்டிக்கொண்டு, விழாமல் பிடிக்கிற பாதுகாப்பு பெல்ட்டை எப்படியோ தொப்பைக்கு மேல் இழுத்து மாட்டினார். அதன் கயிற்றை மேலே போனதும் முகட்டில் கட்டிக்கொள்ள வேண்டும். ஏணி முடிந்து தகரத்தில் கை பட்ட கணத்திலேயே, கயிறு என்று ஒன்று இருப்பதே அவருக்கு மறந்துபோயிற்று.

தவழ்ந்து தவழ்ந்து முகடு வரை போய்விட்டார். அதுவே பெரிய விஷயம். இரண்டு திருகாணிகளை முடுக்கினார். மூன்றாவதற்குக் கை வியர்த்து, டிரில் நழுவியது. அது தகரத்தின் மேல் தடதடவென்று சறுக்கிக்கொண்டு போய், விளிம்பைத் தாண்டிக் காணாமல் போனது. அதன் பின்னாலேயே போன அவருடைய கண் கீழே தரையைப் பார்த்தது. அவ்வளவுதான். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முகட்டின் இரண்டு பக்கமும் காலைப் போட்டுக் குப்புறப் படுத்து, சுடுகிற தகரத்தை இறுகக் கட்டிக்கொண்டார்.

"என்ன சார், ரெஸ்டா?" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

"ஆமா சார்... கொஞ்சம் காத்து வாங்குறேன்."

காற்றாவது, மண்ணாவது! உள்ளங்கை வெந்துகொண்டிருந்தது. இறங்கவும் முடியாது, கூப்பிடவும் முடியாது. எவனாவது ஏறிவந்தால் பாலிசி போச்சு. பாலிசி போனால் இந்தக் கிடங்கு போச்சு, தொழிலே போச்சு. ஏறி வராவிட்டால் தன் உயிரே போச்சு. தன் வாயால் கட்டிய கூண்டில் தானே உட்கார்ந்திருக்கிறோமே என்று அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கீழே மச்சினனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. செருப்பை உதறிவிட்டு ஏணியில் கால் வைத்தான்.

"ஏறாதே! காலை எடுடா!" என்று கான்ட்ராக்டர் அலறினார்.

நாற்காலிக்காரர் எழுந்து வந்து அவன் தோளைத் தொட்டார். மிகவும் தன்மையாகத்தான் சொன்னார். அந்த அமைதியில் ஒவ்வொரு சொல்லும் முகடு வரை கேட்டது. "அவர் சொல்றது சரிதான் தம்பி. நீங்க ஏறக் கூடாது. பாலிசியில மேல ஏறுறவர்னு இருக்கிறது அவர் ஒருத்தர்தான். நீங்க மேலயிருந்து விழுந்தீங்கன்னா உங்க வீட்டுக்குச் சல்லிக்காசு வராது."

மச்சினன் ஏணியிலிருந்து காலை எடுத்தான். தலையை நிமிர்த்தி மேலே பார்த்தான். திட்டியிருந்தால்கூடத் தேவலை. பார்த்த கண்ணை எடுக்கவேயில்லை.

கான்ட்ராக்டரின் முழங்கால் வழுக்கியது. உடம்பு ஒரு சாண் கீழே சறுக்கி நின்றது. மானம், மிச்சம், பாலிசி எல்லாம் அந்த ஒரு சாணோடு பறந்துவிட்டன.

"மாப்ளே... மேல வாடா! என்னால முடியலடா!"

ஆபீசர் விலகி வழிவிட்டார். மச்சினன் ஏறினான். சொந்த வீட்டு மாடிப்படி ஏறுகிறவன்கூட அத்தனை அலட்சியமாக ஏறமாட்டான். வெறுங்காலோடு, எங்கே மிதித்தால் தாங்கும் என்று பார்க்கக்கூடப் பார்க்காமல், கூரையில் நடந்து வந்தான். கீழே ஆபீசர் ஃபைலைத் திறந்து எழுத ஆரம்பித்தார்.

பக்கத்தில் வந்து குந்தியவன் முதலில் பெல்ட் கயிற்றை எடுத்து முகட்டில் கட்டினான். முடிச்சை இழுத்துப் பார்த்தான். பிறகுதான் பேசினான், கோபமே இல்லாத குரலில்.

"மாமா, நான் விழுந்திருந்தா என் வீட்டுக்காரிகிட்ட எங்கேருந்து விழுந்தேன்னு சொல்லியிருப்பீங்க?"

கான்ட்ராக்டர் தகரத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். பதில் தெரியாமல் இல்லை. தரையில் நடக்கும்போது வழுக்கி விழுந்தான் என்று, முதல் வருஷமே யோசித்து வைத்திருந்தார்.