பெரிய எழுத்துக்காரர்

சென்னைக்குப் போய் ஒரு பயிலரங்கில் உட்கார்ந்துவிட்டு வந்ததிலிருந்து ஜெயப்பிரகாஷின் வாயில் தமிழ் கம்மியாகிவிட்டது. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மாடியில் இருக்கும் தன் ஸ்டுடியோவை இனிமேல் யாரும் ஸ்டுடியோ என்று சொல்லக் கூடாது, ‘விஷுவல் ஹவுஸ்’ என்றுதான் சொல்ல வேண்டும் என்றார். போட்டோ எடுப்பது ‘கேப்சர்’ ஆயிற்று. கல்யாணம் ‘ஸ்டோரி’ ஆயிற்று. கீழே டீக்கடைக்காரர் மட்டும் பழையபடி “போட்டோக்காரே, சக்கர ஜாஸ்தியா கம்மியா?” என்றே கேட்டுக்கொண்டிருந்தார். அதை ஜெயப்பிரகாஷ் பெரிய மனசு பண்ணிப் பொறுத்துக்கொண்டார்.

முகூர்த்த நாள் என்றால் அவரிடமிருந்து மூன்று கேமராக்கள் மூன்று திசையில் கிளம்பும். எந்த மண்டபத்தில் போய் இறங்கினாலும் முதல் படம் வாசலில் கட்டியிருக்கும் ஃப்ளெக்ஸ்தான் என்பது கடை தொடங்கிய நாளிலிருந்து உள்ள சட்டம். எந்தக் கேமராவில் எந்தக் கல்யாணம் என்று பிறகு குழம்ப வேண்டாம் அல்லவா! படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, முகங்களுக்கு வெளுப்பேற்றி, எக்ஸ்போர்ட் செய்த பிறகு, அவருடைய மனைவி தேவிப்ரியா அந்த ஃப்ளெக்ஸைப் பார்த்துப் பொண்ணு மாப்பிள்ளை பெயரில் ஃபோல்டர் போட்டு வைப்பாள். டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும் வேலை.

அந்த வேலைதான் ஜெயப்பிரகாஷின் கண்ணை உறுத்திற்று. ஃபோல்டர் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்ள வேண்டும் என்று பயிலரங்கில் சொல்லியிருந்தார்கள்.

“இன்னாங்க, நான் அடிக்கிற பேருல இன்னா கொறையக் கண்டீங்க?” என்றாள் தேவிப்ரியா.

“கொறைன்னு இல்ல தேவி. மனுசக் கை பட்டா ஒர்க்ஃப்ளோ கெட்டுப்பூடும்.”

“அப்ப கேமராவ எதால புடிக்கிறீங்க?”

இதற்குப் பதில் சொல்வது தன் தகுதிக்குக் குறைவு என்று அவர் எழுந்து போய்விட்டார்.

யாரிடமோ சொல்லி ஒரு கம்ப்யூட்டர் நிரலை எழுதி வாங்கினார். ஒவ்வொரு கேமராவின் முதல் படத்தையும் அது திறந்து பார்க்கும். அதில் எது எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தோ அதைப் படித்து, அந்தப் பெயரில் ஃபோல்டர் போட்டு, படங்களை உள்ளே தள்ளும். அதே பெயரில் ஏற்கெனவே ஃபோல்டர் இருந்தால் புதிதாகப் போடாது. அதிலேயே சேர்த்து, எடுத்த நேரப்படி அடுக்கிவிடும். மச்சினன் வீட்டுக் காதுகுத்தில் சோதித்துப் பார்த்தார். அந்த ஃப்ளெக்ஸில் குழந்தையின் பெயரைத் தவிர வேறொன்றும் இல்லை. ஃபோல்டர் கச்சிதமாக விழுந்தது. அன்று தெருவில் எல்லாருக்கும் லட்டு.

தன் சொந்த மாவட்டத்துக் கல்யாண ஃப்ளெக்ஸை ஒரு தடவை நிமிர்ந்து பார்க்க மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

இத்தனை தடபுடலும் ஒரே ஒரு ஆர்டருக்காக. கட்சியின் மாவட்டச் செயலாளர் அய்யப்பன் மகள் இசைவாணிக்குத் தை மாதம் கல்யாணம். அது கைக்கு வந்துவிட்டால் கரும்புக் காடு வைத்திருக்கும் வீடுகள் அத்தனையும் பின்னாலேயே வரும். ஆனால் இசைவாணி சேலத்தில் ஒருவரைப் பேசி வைத்திருந்தாள். பந்தல், சமையல், வரவேற்பு எல்லாம் அப்பா இஷ்டம், போட்டோக்காரர் மட்டும் தன் இஷ்டம் என்று முதலிலேயே சண்டை போட்டு வாங்கியிருந்தாள். ‘நம்ம ஊருப் புள்ளய ஒருவாட்டி பாத்துட்டு முடிவு பண்ணு’ என்று அப்பா கெஞ்சியதால்தான் ஆவணி முகூர்த்தத்துக்கு மறுநாள் படியேறி வந்தாள். பின்னாலேயே அய்யப்பனும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

அன்று காலையில் எக்ஸ்போர்ட் ஆன மூன்று கல்யாணங்களையும் ஜெயப்பிரகாஷ் வேண்டுமென்றே பிரிக்காமல் வைத்திருந்தார். கண் முன்னால் பிரித்துக் காட்டினால்தானே மவுசு! சுவரில் பெரிய டிவி. தேவிப்ரியா கூல்டிரிங்க் கொண்டுவந்து வைத்தாள்.

“தலைவரே, நேத்து நமக்கு மூணு ஸ்டோரி. கள்ளக்குறிச்சில ஒன்னு, திருநாவலூர் கோயில்ல ஒன்னு, மலைமேல வெள்ளிமலைல ஒன்னு. இப்ப பட்டன அமுக்குறேன். கை படாது. பொண்ணு மாப்ள பேருல மூணு ஃபோல்டர் தானா வந்து நிக்கும்.”

“மந்திரமா தம்பி?” என்றார் அய்யப்பன்.

“டெக்னாலஜிங்க.”

அமுக்கினார். டிவியில் ஒரு ஃபோல்டர் வந்து நின்றது. பெயர்: அய்யப்பன்.

எல்லாரும் மற்ற இரண்டுக்காகக் காத்திருந்தார்கள். அவை வரவில்லை.

எப்படி வரும்? இந்தப் பக்கத்துக் கல்யாண ஃப்ளெக்ஸ் எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியாது? மேலே வரிசையாகத் தலைவர்கள், வட்டத்துக்குள். நடுவில் அய்யப்பன் கும்பிட்டுக்கொண்டிருப்பார். அவர் பெயர் மட்டும் எருமை சைஸில் படுத்திருக்கும். பொண்ணும் மாப்பிள்ளையும் கீழ் மூலையில், ஃப்ளெக்ஸ் அடித்தவனின் செல் நம்பருக்குப் பக்கத்தில், தபால்தலை அளவுக்கு ஒண்டிக்கொண்டிருப்பார்கள்.

ஜெயப்பிரகாஷ் மவுஸைப் பிடித்து நிறுத்தப் பார்த்தார். ஆனால் நிரல் அதோடு நிற்கிற சாதி இல்லை. தானாகவே படங்களை ஓட்ட ஆரம்பித்தது, எடுத்த நேரப்படி. மூன்று கல்யாணத்துக்கும் ஒரே முகூர்த்தம்.

திருநாவலூர் மாப்பிள்ளை தாலியைத் தூக்கினார். வெள்ளிமலைப் பெண் தலை குனிந்தாள். கள்ளக்குறிச்சி நாத்தனார் மூன்றாவது முடிச்சைப் போட்டாள். வெள்ளிமலை மாமனார் கண்ணைத் துடைத்தார். திருநாவலூர்ப் பெண், கள்ளக்குறிச்சி மாப்பிள்ளையைப் பார்த்து வெட்கப்பட்டாள்.

“இன்னாங்க இது, இந்தப் பொண்ண யாருக்குக் கட்டிக் குடுத்தீங்க?” என்றாள் தேவிப்ரியா, தட்டை ஏந்தியபடியே.

“நீ உள்ள போ.”

“போறேன். மாப்ளைங்க சண்டைக்கு வந்தா கூப்புடுங்க.”

அய்யப்பனுக்கு இது எதுவும் கண்ணில் படவில்லை. ஃபோல்டரின் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஒரு பரவசம் மெதுவாக ஏறிற்று.

“தம்பி, நேத்து நான் கள்ளக்குறிச்சிக் கல்யாணத்துலதான் இருந்தேன். வெள்ளிமலைக்குப் போவவே இல்லியே. அந்த வளைவுல ஏறுனா எனக்கு வாந்தி வரும்.”

“ஆமாங்க தலைவரே, அது வந்து…”

“போவாமயே நடத்தி வச்சிருக்கேன் பாரு!” என்று தொடையில் தட்டினார். “மெசினுக்கே தெரிஞ்சிருக்கு, யாரு தலைமைன்னு!”

ஜெயப்பிரகாஷுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “அதாங்க தலைவரே இதுல விசேஷமே” என்றார், வெட்கமில்லாமல்.

இசைவாணி கூல்டிரிங்கைக் கீழே வைத்தாள்.

“அண்ணா, எங்க மண்டபத்து வாசல்லயும் ஃப்ளெக்ஸ் வைப்பாங்க. அதுல யாரு பேரு பெருசா இருக்கும்?”

“என் பேருதான். இதுல இன்னா சந்தேகம்?” என்றார் அய்யப்பன்.

“நான் அவர கேக்கறேன்ப்பா. அப்ப என் கல்யாண போட்டோவும் இந்த ஃபோல்டர்ல போயிதான் வுழுமா? கண்டவங்க கல்யாணத்தோட?”

ஒரு வரி சொன்னால் போதும். தலைவர் பெயரைக் கணக்கில் சேர்க்காதே என்று நிரலுக்குச் சொல்லிவிடலாம். இல்லையென்றால் தேவிப்ரியாவே அடித்துவிடுவாள். வாய் திறந்தார் ஜெயப்பிரகாஷ்.

“அது ஒன்னுமில்ல தங்கச்சி. தலைவர் பேர மட்டும் எடுத்துட்டா…”

“யாரு பேர எடுக்கறே?” என்று திரும்பினார் அய்யப்பன்.

ஒரு பக்கம் தை மாதத்து ஆர்டர். இன்னொரு பக்கம் தலைவரின் இரண்டு கண்கள். சென்னைக்குப் போய் எதை எதையோ கற்றுக்கொண்டு வந்தவருக்கு, நிமிர்ந்து ஒரு வாக்கியத்தை முடிக்கக் கற்றுக்கொடுக்க அங்கே ஆள் இல்லை.

“எடுக்க முடியாதுன்னு சொல்ல வந்தேன் தலைவரே. உங்க பேர யாரால எடுக்க முடியும்?”

“கேட்டியாம்மா?”

“கேட்டேன்” என்று இசைவாணி எழுந்தாள். “நல்லா இருக்குதுண்ணா. ஆனா எனக்கு என் பேருல ஒன்னு வேணும். சேலத்துக்காரருக்கே சொல்லிடறேன்ப்பா.” செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

அய்யப்பனுக்கு அது காதிலேயே விழவில்லை. ஜெயப்பிரகாஷின் தோளில் கை போட்டார். இந்த வருஷத்துக் கல்யாணங்கள் அத்தனையையும் இதே மாதிரி ஒன்றாகக் கொட்டி, பெரிய ஆல்பமாக அடித்துத் தரச் சொன்னார். மேலிடத்துக்கு அனுப்ப வேண்டுமாம். காசைப் பற்றி அவர் பேசவில்லை. கேட்கிற தைரியம் இவருக்கும் இல்லை. “நம்ம புள்ள நீ” என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

தேவிப்ரியா எட்டிப் பார்த்தாள். “ஆர்டர் வந்துதாங்க?”

“தலைவரே அசந்து பூட்டாரு.”

“அது கெடக்கு. பொண்ணு?”

“அதுங்களுக்கெல்லாம் நம்ம லெவல் புரியாது தேவி. நானே வேணாம்னுட்டேன்.”

அவள் அவரை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்த ஒரே ஃபோல்டரிலிருந்து வெள்ளிமலைப் பெண்ணை முதலில் வெளியே எடுத்தாள். அவர் டீ குடிக்கக் கீழே இறங்கினார். மாவட்டச் செயலாளர் வீட்டு ஆர்டரைத் தான் எப்படித் திருப்பி அனுப்பினார் என்பதை அங்கே சொல்ல வேண்டியிருந்தது.