குகனின் இலையில் மீன்

எங்கள் குகனேஸ்வரனைக் கடல் கொண்டுபோய் ஒரு வருஷம் ஆகிறது. தேயிலை மலையில் பிறந்தவனுக்குச் சரக்குக் கப்பலில் என்ன வேலை என்று அன்றைக்கே தலையில் அடித்துக்கொண்டேன். அக்கா பேச்சை எந்தத் தம்பி கேட்டான்? எஞ்சின் அறையில் வேலை. செங்கடலில் போகும்போது கப்பல்மேல் ராக்கெட் விழுந்தது. யாரோ யாரோடோ போட்ட சண்டை. எதற்காக என்றுகூட இவனுக்குத் தெரிந்திருக்காது. மேலே இருந்தவர்களைக் காப்பாற்றிவிட்டார்கள். கீழே இருந்தவன் கப்பலோடு போய்விட்டான்.

உடம்பு வரவில்லை. அதையே பிடித்துக்கொண்டாள் அவன் பெண்டாட்டி திலகா. கருமாதி வேண்டாம், தாலியைத் தொடாதீர்கள், படத்துக்கு மாலை போடாதீர்கள். பக்கத்து வீட்டில்தான் இருக்கிறாள். பொழுது விடிந்தால் கொழுந்து வெட்டப் போவாள், வந்தால் கதவைச் சாத்திக்கொள்வாள். மீன்காரன் மோட்டாரில் ஹாரன் அடித்துக்கொண்டு எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளுக்கு நடுவே வந்தால் ஜன்னலையும் சாத்துவாள். ஒரு வருஷமாக அவள் வாயில் மீன் படவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கடலில் போனவனை எது தின்றதோ என்ற நினைப்பு எங்களுக்கும் இல்லாமலா?

வருஷத் திதிக்காவது படையல் போட்டே ஆகவேண்டும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். செத்தவனுக்குப் பிடித்தது இலையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வந்தவன் பசியோடு திரும்பிப் போவான். பிறகு அந்த இலையில் இருப்பதை வீட்டார் சாப்பிட வேண்டும், பெண்டாட்டிக்கு முதல் வாய். இது எங்கள் லயத்து வழக்கம். குகனுக்கோ கெம்போங் மீன் குழம்பு இல்லாமல் சோறு இறங்காது.

“மீன் வேணாம் அண்ணி. கோழி வைப்போம்” என்றாள் திலகா.

“கோழி அவனுக்குப் புடிக்காது லா. ஒரு வருஷமா பட்டினி கெடக்குறான் எந்தம்பி. ஒனக்கு எரக்கமே இல்லையா?”

என் வாய்க்கு நயமாகப் பேசத் தெரியாது.

“சரி, வாங்கிட்டு வரச் சொல்லுங்க. ஆனா நாந்தான் கழுவுவேன். வேற யாரும் தொடக்கூடாது.”

என் வீட்டுக்காரர் சிவசாமி டவுனில் மீன் வாங்கிவந்தார். திலகா பின்பக்கக் குழாயடியில் உட்கார்ந்தாள். நான் மிளகாய் அரைத்துவிட்டுப் போய்ப் பார்த்தால் இன்னும் முதல் மீனோடு இருக்கிறாள். வயிற்றைக் கீறி, குடலை எடுத்துத் தட்டில் பரப்பி, விரலால் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னா தேடுற?”

“ஒண்ணுமில்ல அண்ணி.”

அடுத்த மீனை எடுத்தாள். அடி பைத்தியக்காரி, செங்கடல் எங்கே, நம் ஊர்க் கடல் எங்கே என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. எல்லா மீனையும் அப்படியே பார்த்து முடித்தாள். தட்டைக் கழுவி ஊற்றும்போதுதான் ஓவென்று அழுதாள். வருஷம் முழுக்க ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள்.

படையல் போட்டோம். படத்துக்கு அவளே மாலை போட்டாள். சூடம் அணைந்ததும் இலைமுன் உட்கார்ந்தாள்.

“சோத்த மட்டும் எடுத்துக்கம்மா, போதும். மீன விட்டுடு, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்” என்றேன்.

அவள் மீனைத்தான் எடுத்தாள். முள்ளை நீக்கி வாயில் வைத்தாள். குமட்டியது. வாயைப் பொத்திக்கொண்டு விழுங்கினாள்.

“ஏன்டி இப்படிப் பண்ற?”

“கண்காணாத தண்ணியில கெடக்கறதுக்கு என் வயித்துல கெடக்கட்டும் அண்ணி.”

சிவசாமி எழுந்து வெளியே போய்விட்டார். திலகா இன்னொரு துண்டைப் பிட்டு என் பக்கம் நீட்டினாள்.

“நீங்களும் சாப்புடுங்க. ஒங்க தம்பிதானே.”

நான் வாயைத் திறந்தேன்.