கூடிகெ

வெங்கடம்மாவின் முதல் புருஷன் கல்யாணமான மறுவருஷமே காய்ச்சலில் போய்விட்டான். ஐந்து வருஷம் கழித்து, பாகலூருக்குப் பக்கத்தில் இரண்டரை ஏக்கர் மானாவாரி வைத்திருந்த கிருஷ்ணப்பன் அவளைக் கூடிகெ செய்துகொண்டான். அவனும் பெண்டாட்டியை இழந்தவன்தான்.

அவர்கள் கன்னடம் பேசுகிற ஜனம். மதுவெ என்றால், கன்னிப்பெண்ணுக்குப் பந்தல் போட்டு மேளம் கொட்டி நடக்கிற கல்யாணம். ஒருத்திக்கு ஒரு தடவைதான். தாலி இழந்தவளுக்கு ஊர்ப் பெரியவர்கள் முன்னால் புதுச்சேலை கொடுத்து, தாலி கட்டி, வீட்டுக்கு அழைத்துப்போவது கூடிகெ. மேளம் கிடையாதே தவிர, மரியாதையில் ஒரு குறையும் கிடையாது. பன்னிரண்டு வருஷம் அவள் அந்த வீட்டு மருமகளாகவே இருந்தாள். குழந்தை மட்டும் தங்கவில்லை.

அறுபத்தேழாம் வருஷம் ராகி அறுப்பில் கிருஷ்ணப்பனைப் பாம்பு கடித்தது. கருமாதி முடிந்த கையோடு, நிலத்தைத் தன் பெயருக்கு மாற்றச் சொல்லி அவன் அண்ணன் ராமப்பன் மனுக் கொடுத்தான். ஓசூர் தாலுகா ஆபீசில் விசாரணை வைத்தார்கள். குமாஸ்தா அருள்ஜோசப் திருச்சிப் பக்கத்துக்காரர். ஓசூருக்கு வந்து ஆறு மாசம்கூட ஆகவில்லை.

"கிருஷ்ணப்பனுக்கும் உனக்கும் கல்யாணம் நடந்துச்சாம்மா?"

வெங்கடம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. "மதுவெ இல்லீங்க சாமி. கூடிகெங்க."

"அப்படின்னா?"

அவளுக்குத் தெரிந்தது சந்தைத் தமிழ். "சேலை குடுத்து இட்டுக்கினு வந்தாருங்க. ஒண்ணா இருந்தோமுங்க."

அவர் தலையாட்டிக்கொண்டே எழுதினார். அவள் கைநாட்டு வைத்தாள். கூடிகெ அன்று பெரியவனாக முன்னால் நின்று தாம்பூலம் கொடுத்த ராமப்பன், பக்கத்தில் சுவரைப் பார்த்தபடி நின்றான்.

ஒரு மாசத்தில் உத்தரவு வந்தது. தலையாரி கங்கப்பன் படித்துச் சொன்னார்: "மேற்படி வெங்கடம்மா, தான் இறந்தவரின் வைப்பு என்று ஒப்புக்கொண்டிருப்பதால், நிலம் அண்ணன் ராமப்பன் பெயருக்கு..."

"வைப்புன்னா என்னண்ணா?"

கங்கப்பன் காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கன்னடத்தில் சொன்னார்: "இட்டுக்கொண்டவளு."



மறுநாள் வெங்கடம்மா ஓசூருக்கு நடந்தாள். "நெலத்த அவரே எடுத்துக்கட்டும் சாமி. நான் சொல்லாத அந்த ஒரு வார்த்தைய மட்டும் அடிச்சிருங்க."

ஆபீஸ் பியூன் கூடிகெ என்றால் இன்னதென்று விளக்கியதும் அருள்ஜோசப்பின் முகம் கறுத்தது. "என் தப்புதாம்மா. தாசில்தார் கையெழுத்து ஆயிருச்சு, நான் அழிக்க முடியாது. அப்பீல் எழுதித் தர்றேன். அன்னிக்குக் கூட இருந்தவங்க ஒருத்தர் வந்து சொன்னாப் போதும்."

கூட இருந்த பெரியவர்கள் இருவர் செத்துப்போயிருந்தார்கள். மிச்சம் இருந்தவன் ராமப்பன் ஒருவன்தான்.

"பாவா, நான் உங்க தம்பி பெண்டாட்டின்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நெலம் எனக்கு வேணாம்."

ராமப்பன் கோபப்படவில்லை. மோர் கொண்டுவரச் சொன்னான். "எனக்குத் தெரியாதா வெங்கடம்மா? ஆனா அதச் சொன்னா நெலம் உன்னுதுன்னுதானே எழுதுவாங்க. எனக்கு மூணு புள்ளைங்க."

திட்டியிருந்தால் அவளும் திட்டியிருப்பாள். மோரைத் தொடாமல் எழுந்து வந்தாள். அப்பீல் காகிதம் போகவே இல்லை. கிணற்றடியில் பெண்கள் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். மூன்று மாசம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஊரைவிட்டுக் கிளம்பினாள்.

குருபரப்பள்ளியில், லாரிகள் நிற்கிற சாலையோரச் சாப்பாட்டுக் கடையில் மாவாட்டும் வேலை கிடைத்தது. கடைக்காரி சரோஜம்மாள் நல்ல மாதிரி. கிருஷ்ணப்பன் செத்த திதி வந்தபோது, வெங்கடம்மா அவளிடம் கேட்டுக்கொண்டு ராகிக் களியும் அவரைக் குழம்பும் ஆக்கி, கடைக்குப் பின்னால் இலையில் படைத்தாள்.

சரோஜம்மாள் எட்டிப் பார்த்தாள். "யாருக்குடி படைக்கிற?"

வீட்டுக்காரருக்கு என்று சொல்லத்தான் வெங்கடம்மா வாயெடுத்தாள். அந்தக் காகிதம் நினைவுக்கு வந்தது. அப்படிச் சொல்லலாமா கூடாதா என்று அவளுக்கே தெரியவில்லை.

"எங்க ஊர்க்காரர் ஒருத்தருக்குங்க" என்றாள்.