போறதுக்குப் பாயிண்ட், வர்றதுக்குக் காசு

லிப்டக்காவுக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். மற்றவர்கள் கோபத்தில் ‘வா, போ’ என்று இறங்குவார்கள், இவள் ஏறுவாள். சாதாரண நாளில் புருஷனை ‘ஏங்க’ என்று கூப்பிடுகிறவள், கோபம் தலைக்கேறினால் ‘சார்’ என்பாள். ஒரு ‘சார்’ காதில் விழுந்துவிட்டால் அந்த வீட்டில் மின்விசிறிகூட அடக்க ஒடுக்கமாகச் சுற்றும். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அந்த வீட்டில் வேறு சொல்லே காதில் விழவில்லை, கண்ணுகளா. ஏன் என்று சொல்கிறேன்.

கட்டடங்களில் லிப்டு பழுது பார்ப்பது அவள் வேலை. கம்பெனி இருப்பது இங்கே, கெட்டுப்போகிற லிப்டுகளோ எங்கெங்கோ. அதனால் வாரத்தில் பாதி நாள் அவளை விமானத்தில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். பெரிய தூரமெல்லாம் இல்லை. பெல்ட்டை மாட்டிக் கண்ணை மூடுவதற்குள் இறங்கச் சொல்லிவிடுவார்கள். டிக்கெட் கம்பெனிக் காசு. ஆனால் ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் விமானக்காரன் அவள் பெயரில் கொஞ்சம் பாயிண்ட் போட்டு வைப்பான். அது சேர்ந்தால், காசுக்குப் பதிலாகப் பாயிண்டைக் கொடுத்தே டிக்கெட் வாங்கிக்கொள்ளலாம்.

அந்தப் பாயிண்டுக்குக் காவல் அவள் புருஷன். டைல்ஸ் கடையில் விற்பனை பார்க்கிறவர். வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தே அந்த அறைக்கு எத்தனை பெட்டி ஆகும் என்று சொல்லிவிடுவார். அவளுடைய தங்கச்சி அவருக்கு வைத்த பெயர் கணக்குப்புலி. வாழ்நாளில் அவர் விமானம் ஏறியது இரண்டே தடவை. ஆனால் எந்தப் பயணத்துக்குக் காசு கொடுக்கணும், எதற்குப் பாயிண்ட் கொடுக்கணும் என்று தெருவுக்கே வகுப்பெடுப்பார்.

“சின்னப் பயணத்துக்குப் பாயிண்டக் கொடுக்கறது வீண். சேத்து வை. ஒருநாள் கடல் தாண்டிப் போவோம். சீட்டு அப்படியே கட்டில் மாதிரி விரியும். நீயும் நானும் காலை நீட்டிப் படுத்துட்டே போவோம்” என்பார். அந்த சீட்டின் படத்தைப் போனில் வைத்திருந்தார்.

ஆசையான பேச்சுதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் தங்கச்சியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவள் கேட்கும்போதெல்லாம் என்ன நடக்கும்? பாயிண்ட் என்றால் ‘வீண்’. காசு என்றால் ‘கொஞ்சம் பொறு, விலை இறங்கும்’. இவளும் பொறுப்பாள். விலை இறங்குவதற்குள் லீவு முடிந்துவிடும். பஸ் என்றால் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து போகணும். லிப்டுக் குழியில் ஏறி இறங்கித் தேய்ந்த முழங்கால் அதற்கு ஒத்துழைக்காது. இப்படியே தங்கச்சி முகத்தை நேரில் பார்த்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது.

தங்கச்சிக்கு ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்கிற வேலை. எந்த ரயில் எந்த நடைமேடைக்கு வருகிறது என்று ஒலிபெருக்கியில் கேட்குமே, அந்தக் குரல். அந்தத் தொண்டைக்குள்தான் ஒரு கட்டி வந்து உட்கார்ந்துகொண்டது.

அன்று மத்தியானம் லிப்டக்கா ஒரு குழிக்குள் நின்று கம்பி வடத்துக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

“அக்கா, திங்கக்கிழமை காலைல கத்தி வைக்கிறாங்க.”

“பயமா இருக்காடி?”

“பயமெல்லாம் இல்ல. கட்டி நரம்பு மேலயே சாஞ்சு உக்காந்திருக்காம். குரல் பழையபடி வந்தாலும் வரும், கரகரன்னு போனாலும் போகும்னு டாக்டர் சொல்றார். அதான், குரல் இருக்கறப்பவே ஒரு சண்டை போட்டுடலாம், வாயேன். போன்ல போடறதெல்லாம் ஒரு சண்டையா?”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு முடிகிற இடத்தில் குரல் லேசாக உடைந்தது. குழிக்குள் நின்றவளுக்கு அது நன்றாகவே கேட்டது.

“நாளைக்கே வர்றேன். என்னென்ன பாக்கி இருக்குன்னு யோசிச்சு வை” என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் கையைக்கூடக் கழுவாமல் கேட்டாள். கணக்குப்புலி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைத் தடவினார்.

“நாளைக்கா? காசு மலை மாதிரி ஏறி நிக்குது. அந்தக் காசுக்கு நாலு தடவை போயிட்டு வரலாம்.”

“அப்போ பாயிண்ட்ல போடுங்க.”

“எத்தனை தடவை சொல்றது? சின்னப் பயணத்துக்கு…”

“ஏங்க, அவளுக்கு ஆபரேஷன்.”

“அவ வீட்டுக்காரர் கூடவே இருக்காரே? நீ போய் என்ன பண்ணப்போற?”

“சண்டை போடப்போறேன்.”

“சண்டை போடறதுக்கு விமானமா! பஸ்ல போ. இல்லேன்னா ஆபரேஷன் முடியட்டும், ஆற அமரப் போய்ப் பாரு. கொஞ்சம் பொறு, அதுக்குள்ள விலையும் இறங்கிடும்.”

அவள் கை கழுவப் போனாள். ‘சார்’ இன்னும் வரவில்லை, கவனியுங்கள். மனசு பழக்கப்படி அவர் பக்கமே நியாயம் தேடியது. குடும்பத்துக்காகத்தானே சேர்க்கிறார் என்று நினைத்தாள். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. கையில் சோப்பு நுரை. முழங்கையால் அமுக்கி ஒலிபெருக்கியில் போட்டாள்.

பேசியது அவள் ஓரகத்தி, அவர் அண்ணன் மனைவி.

“என்னம்மா, எப்பப் பாத்தாலும் ஆகாயத்துலயே இருக்கே! உனக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லணும்னு ஒரு மாசமா நினைச்சுட்டே இருக்கேன்.”

“எதுக்குக்கா?”

“எதுக்கா? எங்க வீட்டுக்காரரோட படிச்சவங்கல்லாம் ஒண்ணு கூடினாங்களே, அதுக்கு உன் பாயிண்ட்லதானே ரெண்டு பேரும் போயிட்டு வந்தோம்! ஏறினதும் தெரியல, இறங்கினதும் தெரியல. பஸ் வாடை எனக்கு ஆகாதுன்னு உன் வீட்டுக்காரர்தான் டிக்கெட் போட்டுக் குடுத்தார். தங்கமான மனுஷன்மா.”

கூடத்தில் கணக்குப்புலி எழுந்து நின்றுவிட்டார்.

“ஆமாக்கா. தங்கம்தான்” என்று போனை வைத்தாள்.

அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. கணக்கு அவள் பெயரில். கடவுச்சொல் அவர் மனசில். ஓடிபி மட்டும் அவள் போனுக்கு வரும். “நம்பர் வந்துதா?” என்று அவர் அறைக்குள்ளிருந்து குரல் கொடுப்பார், இவள் அடுப்படியிலிருந்தோ குளியலறையிலிருந்தோ படித்துச் சொல்வாள். எதற்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை. போன மாதமும் கேட்கவில்லை. தன் பாயிண்டைத் தன் வாயாலேயே எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

ஈரக் கையோடு கூடத்துக்கு வந்தாள்.

“சார்.”

கணக்குப்புலி மென்று விழுங்கினார். “அண்ணன் வாய் விட்டுக் கேட்டார். எப்படி இல்லைன்னு சொல்றது?”

“நான் கேட்டப்ப எப்படி சார் சொன்னீங்க? அதே மாதிரி சொல்லியிருக்கலாமே. அழகா, சரளமா வருமே உங்களுக்கு!”

“அது ஒரே ஒரு தடவை…”

“அது சின்னப் பயணம் இல்லையா சார்? அவங்க போன விமானம் கடல் தாண்டிப் போச்சா? அவங்க சீட்டு கட்டில் மாதிரி விரிஞ்சுச்சா?”

“கத்தாதே. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்.”

“கேக்கட்டும் சார்! விடியறதுக்கு முன்னாடி எழுந்து ஓடினது நான். முன் சீட்டுல முழங்காலை இடிச்சுட்டு உக்காந்தது நான். எனக்குக் காசுன்னா ஏறிப்போச்சு, பாயிண்ட்னா வீண். இத்தனை வருஷமும் காசா பாயிண்டான்னுதான் கணக்குப் போட்டீங்களே தவிர, இவ போகணுமேன்னு ஒரு தடவை நினைச்சீங்களா?”

கணக்குப்புலி குனிந்து தரை டைல்ஸை எண்ண ஆரம்பித்தார்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் போனிலேயே விமானக்காரன் பக்கத்தைத் திறந்தாள். கடவுச்சொல் கேட்டது. அவரிடம் கேட்கவில்லை. ‘மறந்துவிட்டது’ என்ற இடத்தை அழுத்தினாள். டிங் என்று ஓடிபி வந்து விழுந்தது.

“நம்பர் வந்துதா?” என்றார் அவர், பழக்க தோஷத்தில்.

“வந்துது” என்றாள். படித்துச் சொல்லவில்லை.

காலை விமானத்துக்குக் காசு விலை அவர் சொன்னபடி மலைதான். ஆனால் பாயிண்ட் விலை? என்றைக்கும் எவ்வளவு கேட்பானோ அவ்வளவேதான், ஒரு துளி ஏறவில்லை. போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“பாருங்க சார். காசு இப்படி ஏறி நிக்கிற அன்னிக்குக் குடுக்கத்தானே பாயிண்ட்? இதுகூடவா உங்க வகுப்புல வரல?”

கணக்குப்புலி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

அப்புறம்தான் மிச்சம் எவ்வளவு என்று பார்த்தாள். அவ்வளவு வருஷத்து ஓட்டத்தில், அண்ணனும் அண்ணியும் போய் வந்தது போக, ஒருவர் ஒரு வழி போகத்தான் இருந்தது. பஸ்ஸில் போ, பஸ்ஸில் போ என்று அவர் ஏன் விரட்டினார் என்பதும் அப்போது புரிந்தது. சிரிப்பு வந்தது, கண்ணுகளா. அது நல்ல சிரிப்பு இல்லை.

ஜன்னலோர சீட்டாகப் பார்த்து அழுத்தினாள். டிக்கெட் வந்துவிட்டது.

தங்கச்சிக்குப் போன் போட்டாள். “காலைல வந்துடறேன். ரெடியாயிட்டியா?”

அந்தப் பக்கம் தொண்டையைச் செருமுகிற சத்தம். பிறகு ரயில் நிலையத்துக் குரல், ஒரு பிசிறில்லாமல் வந்தது: “பயணிகளின் அன்பான கவனத்திற்கு. இரண்டு வருடம் தாமதமாக வந்துகொண்டிருக்கும் அக்கா, நாளைக் காலை வந்து சேருவார். வந்ததும் அவர் வாங்கிக் கட்டிக்கொள்வார்.”

லிப்டக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். “பேசுடி. இன்னும் பேசு” என்றாள். ரொம்ப நேரம் அவள் பேசினாள், இவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

போனை வைத்துவிட்டுப் பையில் துணி அடுக்கும்போது கணக்குப்புலி வாசல் நிலையில் வந்து நின்றார். கையில் போன்.

“திரும்பி வர்றதுக்கு டிக்கெட் போடலையே நீ?”

“போறதுக்குத்தான் சார் பாயிண்ட் இருந்துச்சு. வர்றதுக்குக் காசு. அது உங்க பாடு.”

அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினார். விரல் மேலும் கீழும் போயிற்று. “புதன்கிழமை ரொம்ப ஏறிக் கிடக்கு. வியாழனும் அப்படித்தான்…” தழைந்த குரலில் கேட்டார்: “நீ எப்போதான் வருவே?”

அவள் பையின் ஜிப்பை ஒரே இழுப்பில் இழுத்து மூடினாள்.

“கொஞ்சம் பொறுங்க சார்” என்றாள். “விலை இறங்கட்டும்.”